வும்: இல்லை

நெசாவுக்குப் பாம்புச் செவி. பிரசூர் ஊரில் இதைப் பற்றி இரண்டாவது கருத்து கிடையாது. ஓட்டலின் சலவைக்கூடத்தில் ஆறு இயந்திரங்கள் ஒரே நேரத்தில் உறுமிக்கொண்டிருக்கும். பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் பாதிதான் காதில் விழும். அந்த இரைச்சலில், கடைசி மூலையில் இஸ்திரி போடும் பெண்கள் மேலாளர் புதிதாக வைத்துக்கொண்ட டோப்பாவைப் பற்றி ஏதாவது சொன்னால், இந்த மூலையில் படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டே நெசா சிரிப்பாள்.

"நெசாக்கா இருக்கும்போது யாரும் வாயத் திறக்காதீங்கடி," என்பாள் செரைனா. "சுவத்துக்குக் காது இருக்கோ இல்லையோ, இவங்களுக்கு நாலு இருக்கு."

நெசாவுக்கு ஐம்பத்தாறு வயது. ஒல்லியான உடம்பு. வெந்நீரும் சோப்பும் சேர்ந்து கைகளை மட்டும் இன்னும் பத்து வயது மூப்பாக்கியிருந்தன. அவள் பேச்சு மெதுவாக வரும். எதிரில் இருப்பவர்தான் குனிந்து கேட்க வேண்டும். ஆனால் குறை சொல்பவள் என்னவோ அவள்தான். "இந்த ஊர் ஆம்பளைங்க வாயத் திறந்து பேசினா குடியா முழுகிடும்? எல்லாப் பேச்சும் மீசைக்குள்ளயே முடிஞ்சுபோவுது." இதை மறுக்க எந்தப் பெண்ணும் முன்வந்ததில்லை. எங்கள் ஊர் ஆண்கள் அப்படித்தான்.

சலவை வேலை வயிற்றுப்பாட்டுக்கு. பனி பார்க்கும் வேலை அவளாக விரும்பி ஏற்றுக்கொண்டது. குளிர்காலத்தில் தினமும் காலையில் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நட்டிருக்கும் அளவுகோலிடம் போய், எவ்வளவு புதுப்பனி விழுந்திருக்கிறது என்று குறிப்பாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கீ மாட்டிக்கொண்டு காட்டின் மேல் விளிம்புக்கு ஏறி, தன் உயரத்துக்கு ஒரு குழி வெட்டுவாள். குழியின் சுவரில் அந்தக் குளிர்காலம் முழுக்க அடுக்கடுக்காக நிற்கும். மேலிருந்து ஒவ்வோர் அடுக்கிலும் முதலில் முஷ்டியை அழுத்துவாள். போகாவிட்டால் நான்கு விரல், பிறகு ஒரு விரல், பிறகு பென்சில், கடைசியில் கத்தி. எது உள்ளே போகிறதோ அதுதான் அந்த அடுக்கின் கடினம். எல்லாவற்றையும் ஒரு படிவத்தில் நிரப்பிப் பனிச்சரிவு அலுவலகத்துக்கு அனுப்புவாள். படிவத்தின் அடியில் ஒரு கட்டம் உண்டு. "வும் சத்தம்: உண்டு / இல்லை."

அந்தக் கட்டத்தைப் பற்றித்தான் இந்தக் கதை.

பழைய பனிக்கு அடியில் சில சமயம் சர்க்கரை போல உதிரும் ஓர் அடுக்கு ஒளிந்திருக்கும். மேலே ஆள் நடக்கும்போது அது பொத்தென்று உட்காரும். உட்காரும்போது ஒரு சத்தம் வரும். பெரிய மிருகம் ஒன்று தூக்கத்தில் மூச்சுவிட்டது போல, தாழ்ந்த குரலில், வும். சமதரையில் என்றால் சத்தத்தோடு போயிற்று. அதுவே சரிவில் என்றால் மேலே இருக்கும் பனி முழுவதும் கிளம்பி வரும். அதனால் எங்கள் பக்கத்தில் விதி ஒன்றுதான். வும் கேட்டால் வீட்டுக்குத் திரும்பு. எவ்வளவு தூரம் வந்துவிட்டோம், வானம் எவ்வளவு நீலமாக இருக்கிறது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஸ்கீ சங்கத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நெசாவே இதைச் சொல்லிக்கொடுப்பாள். "வும் எனக்கு முழங்கால்ல கேக்கும்," என்றும் சொல்வாள். முப்பது வருடம் மலையில் நடந்தவள் அப்படித்தான் பேசுவாள் என்று எல்லாரும் தலையாட்டுவார்கள்.

பன்னிரண்டு வருடமாக நெசாவை ஒரே ஒரு கேள்விதான் தின்றுகொண்டிருந்தது. அன்றைக்கு மலை சொன்னதா, சொல்லவில்லையா?

அன்றைக்கு என்பது ஒரு பிப்ரவரி மாதத்துப் புதன்கிழமை. நெசா, அவள் கணவன் ரியெட், ரியெட்டின் உயிர்ச் சிநேகிதன் யாஹன், மூன்று பேரும் லின்சோல் சரிவுக்குப் போனார்கள். லின்சோல் என்றால் எங்கள் பேச்சில் படுக்கை விரிப்பு. வெயில் படாத வடக்குப் பக்கம், ஒரு சுருக்கம்கூட இல்லாமல் விரித்துப் போட்டது போல வெள்ளையாக இருக்கும். ரியெட் தச்சன், ஆறடிக்கு மேல் உயரம், கோயில் பாட்டுக்குழுவில் அடிக்குரல் அவனுடையதுதான். யாஹன் கோயில் மணியையும் கடிகாரத்தையும் பார்த்துக்கொள்பவன். ஒருவன் தும்மினால் மற்றவன் மூக்கைத் துடைப்பான் என்று ஊர் கேலி செய்யும் சிநேகிதம்.

காலையில் நெசா கீழே ஒரு குழி வெட்டிப் பார்த்தாள். சுவரில் ஒரு மெல்லிய கோடு அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மண்வெட்டியை மேலே வைத்து முழுக் கையை ஓங்கித் தட்டியும் பனி நகரவில்லை. "போலாம். ஆனா வும் கேட்டா அங்கயே திரும்பிடணும்," என்றாள். அவள் முன்னால் நடந்து தடம் போட்டாள். பின்னால் ரியெட், அவனுக்குப் பின்னால் யாஹன். சரிவின் அடிவாரம் வந்ததும் ஒருவர் ஒருவராகக் கடப்பது வழக்கம். நெசா முதலில் கடந்து பாறை முதுகில் ஏறி நின்று கோலை உயர்த்தினாள். வா என்று அர்த்தம்.

ரியெட் நடுவில் வந்துகொண்டிருந்தான். அவள் குனிந்து காலணிக் கொக்கியை இறுக்கினாள். பிடரியில் சில்லென்று காற்று அடித்தது. நிமிர்ந்தபோது ரியெட் இல்லை. அவன் நின்ற பனியும் இல்லை. அடியில் பழைய பனி பச்சைச் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. உடம்பில் கட்டியிருந்த தேடுகருவியை வைத்துத் தேடி, கம்பியால் குத்திப் பார்த்து, இரண்டு பேரும் மாறி மாறி வெட்டி அவன் முகத்தை அடைய இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. ஒன்றரை மீட்டர் ஆழம். கன்னத்தில் சூடு இருந்தது. மூச்சு இல்லை.

"சத்தமே இல்ல," என்று அவள் எல்லாரிடமும் சொன்னாள். "படுக்கையிலேர்ந்து விரிப்ப உருவுற மாதிரி சரக்குன்னு ஒண்ணு. அவ்ளோதான்." பனிச்சரிவு இடி போல உறுமும் என்று தெரிந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவம், அதிர்ச்சியில் காது அடைத்திருக்கும் என்றார்கள்.

மூன்றாம் நாள் போலீஸ்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து அவளையும் யாஹனையும் சமையலறை மேசையில் உட்காரவைத்து வழக்கமான கேள்விகளைக் கேட்டார். எத்தனை மணி, எவ்வளவு இடைவெளி, யார் முன்னால், யார் பின்னால். பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"வும் சத்தம் ஏதாவது கேட்டுச்சாம்மா?"

"இல்ல."

போலீஸ்காரர் யாஹன் பக்கம் திரும்பினார். யாஹன் நெசாவைப் பார்த்தான். அந்தப் பார்வையை அவள் இன்றுவரை மறக்கவில்லை. அதில் துக்கம் மட்டும் இல்லை, வேறு ஏதோ இருந்தது.

"இல்ல," என்றான். கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனான். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படி ஏறவில்லை. அந்தப் புதன்கிழமைக் குழிக்கான படிவத்திலும் நெசா "இல்லை" என்றே எழுதி அனுப்பினாள்.

நெசாவின் பக்கத்திலும் ஒரு மனத்தாங்கல் இருந்தது. எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் வீட்டிலிருந்து கல்லறைவரை பெரிய மணி ஒன்றை மட்டும் அடிப்பார்கள். சின்ன மணி, வழியில் வந்து செத்த அந்நியர்களுக்கு. ரியெட்டின் பெட்டிக்குப் பின்னால் நடந்துபோன நெசாவின் காதில் விழுந்தது சின்ன மணி. தகரத்தில் தட்டியது போல மெலிசாக, கிணிங், கிணிங் என்று அரை மணி நேரம். கயிற்றைப் பிடித்திருந்தவன் யாஹன். உயிர்ச் சிநேகிதனை ஊரான் இல்லை என்று சொல்லி அனுப்புகிறானே என்று அந்தக் கையைச் சபித்தாள். பழியை என் தலையில் போட்டுவிட்டான், அதைத்தான் மணியில் சொல்கிறான் என்று புரிந்துகொண்டாள். கேட்கவில்லை. கேட்டால் வாயைத் திறந்து சொல்லிவிடுவானோ என்ற பயம்.

அன்றிலிருந்து ரொட்டிக் கடையில் எதிர்ப்பட்டால் இரண்டு தலைகளும் ஒரு தடவை அசையும். அவ்வளவுதான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? துக்கம் பிரித்துவிட்டது என்று ஒரு கட்சி, துக்கம் மட்டும்தானா என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் தவறு.

அவள் பனி பார்க்கும் வேலையை விட்டுவிடுவாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் விடவில்லை. விட முடியவில்லை என்பதுதான் சரி. குழி வெட்டி முடித்ததும், கூட வரும் செரைனாவை முன்னால் கீழே அனுப்பிவிட்டு, மேலே சரிவு எதுவும் இல்லாத புல்வெளியாகப் பார்த்துப் போய், புதுப்பனியில் காலை ஊன்றி ஊன்றி நடப்பாள். நின்று கவனிப்பாள். சிட்டுக்குருவி அளவே இருக்கும் ஒரு காட்டுக்குருவியின் கிரீச்சு கேட்கும். மரத்தில் பனிக்கட்டி முறிவது கேட்கும். வேறு எதுவும் கேட்காது. அலுவலகத்துக்குப் போகும் படிவத்தில் எழுதுவாள். வும்: இல்லை. பன்னிரண்டு குளிர்காலம் அப்படியே எழுதினாள்.

ஒருமுறை அலுவலகத்துப் பெண் ஒருத்தி தொலைபேசியில் கேட்டாள். "பக்கத்துப் பள்ளத்தாக்குல நாலு பேர் இந்த வாரம் உண்டுன்னு போட்டிருக்காங்களே?"

"அவங்க மலை வாயாடி," என்றாள் நெசா. "எங்க மலை ஊமை."

சொன்ன பிறகு அந்த வார்த்தையையே பிடித்துக்கொண்டாள். ஊமை மலை எச்சரிக்கவில்லை என்றால் கேட்காதவள் மேல் என்ன குற்றம்? பல மாதம் அதை நினைத்து நிம்மதியாக இருப்பாள். பிறகு ரொட்டிக் கடையில் யாஹனின் முகம் எதிர்ப்படும். அதோடு நிம்மதி போய்விடும். அவன் ஏதோ தெரிந்தவன் போலப் பார்ப்பான்.

ரியெட்டும் அவளை விடவில்லை. சலவைக்கூடத்தில் ஈரமான விரிப்பை உதறிக் கொடியில் போடும்போது, துணிக்கு அந்தப் பக்கம் ஆறடி உயரத்துக்கு ஒரு நிழல் நிற்கும். விரிப்பை விலக்கினால் இயந்திரம்தான் நிற்கும். கனவில் நேராகவே வருவான். வாய் அசையும். அவசரமாக, எதையோ சொல்லிவிட வேண்டும் என்பது போல அசையும். ஒரு சத்தமும் வராது. "சத்தமாச் சொல்லுங்க, கேக்கல," என்று அவள் கெஞ்சுவாள். அவன் இன்னும் வேகமாக வாயை அசைப்பான். காலையில் எழுந்து கனவை யாரிடமும் சொல்லாமல் அளவுகோலிடம் போவாள்.

இந்த வருடம் ஜனவரி கடைசியில் ஸ்கீ சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைப் பயணம் லின்சோலுக்கு என்று முடிவாயிற்று. பதினான்கு பேர். வெள்ளிக்கிழமை நெசா மேலே போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். பனி பார்க்க யாரும் தனியாகப் போகக்கூடாது என்பது விதி. எப்போதும் கூட வரும் செரைனாவுக்கு மணிக்கட்டுச் சுளுக்கு. "வேற ஆள அனுப்புறேன்க்கா," என்றாள், யார் என்று சொல்லவில்லை. கள்ளி, வேண்டுமென்றேதான் சொல்லவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் ஸ்கீயோடு யாஹன் நின்றிருந்தான்.

"செரைனா சொன்னா," என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு.

"என்ன?"

"செரைனா சொன்னான்னேன்."

"எதையாவது சொல்றதா இருந்தா நிமிந்து சொல்லேன். மீசைகிட்டயா சொல்ற?"

அவனுக்கு மீசையே இல்லை.  இரண்டு பேரும் தேடுகருவிகளை இயக்கி, ஒருவர் நிற்க மற்றவர் கடந்துபோய்ச் சோதித்தார்கள். பீப், பீப் என்று இரண்டும் கத்தின. பிறகு இரண்டு மணி நேரம் ஏறினார்கள். ஸ்கீக்கு அடியில் ஒட்டிய தோல் பனியில் உரசும் சத்தத்தைத் தவிர வேறு பேச்சு இல்லை.

காட்டு விளிம்பில் அவள் குழி வெட்டினாள். அவன் பனியை ஒதுக்கிக் கொடுத்தான். மேலே நாற்பத்தைந்து சென்டிமீட்டர், காற்று இறுக்கியது; பென்சில்தான் போயிற்று. அதற்கு அடியில் அவள் முஷ்டி குகைக்குள் போவது போலத் தடையில்லாமல் போயிற்று. ஒரு சிட்டிகை எடுத்துக் கறுப்புத் தட்டில் போட்டு லென்ஸில் பார்த்தாள். இறகு இறகாக உறைபனி. கற்கண்டு அளவுக்குப் பெரிசு. குழிச் சுவரில் ஒரு பனித்தூணைத் தனியாக அறுத்து, அதன் மேல் மண்வெட்டியை வைத்துத் தட்டினாள். மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு. முழங்கையிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று. தூணின் மேல்பாதி முழுசாக வழுக்கி அவள் மடியில் விழுந்தது.

"ஞாயித்துக்கெழம கெடையாது," என்றாள்.

"ஆமா," என்றான் யாஹன். காலையிலிருந்து இரண்டு பேரும் ஒத்துப்போன முதல் விஷயம்.

அதோடு திரும்பியிருக்கலாம். வேலை முடிந்துவிட்டது. ஆனால் படிவத்தில் ஒரு கட்டம் பாக்கி.

"புல்வெளி வரைக்கும் போய்ட்டு வந்துடலாம். வும் இருக்கான்னு பாக்கணும்."

யாஹன் அவளை விநோதமாகப் பார்த்தான். "அதப் பாக்கணுமா?" என்றான். "நீ?"

"நான் பாக்காம வேற யார் பாப்பா?"

புல்வெளி சமதரை. நடுவில் ஒரு பழைய வைக்கோல் கொட்டகை, சுற்றிலும் ஊசியிலை மரங்கள், மேலே சரிவு எதுவும் இல்லை. நெசா முன்னால் தடம் போட்டாள். யாஹன் இருபது மீட்டர் பின்னால், அவள் தடத்தை விட்டு விலகி, தொடாத பனியில் நடந்தான். வெயில் நன்றாக அடித்தது. அவள் காலை ஊன்றி ஊன்றி நடந்தாள், காதைத் தீட்டிக்கொண்டு.

பின்னால் டக் டக் டக் என்று ஸ்கீ கோல்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டுத் திரும்பினாள். யாஹன் கோல்களைத் தலைக்கு மேல் தூக்கி அடித்துக்கொண்டு நின்றான். முகம் வெளுத்திருந்தது. விறுவிறுவென்று கிட்ட வந்தான். எவ்வளவு நேரமாகக் கூப்பிட்டானோ, குரல் கம்மிவிட்டது.

"நில்லுன்னு கத்துறேன், நீ பாட்டுக்குப் போற!"

"ஏன், என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? கேக்கலியா?"

"எது?"

அவ்வளவுதான். பன்னிரண்டு வருடம் மூடி வைத்திருந்தது பொங்கிவிட்டது.

"நடிக்காத நெசா! போதும்! அன்னைக்கும் இப்படித்தான் போன. கேட்டுட்டுப் போன. அப்புறம் போலீஸ்காரன் மூஞ்சியப் பாத்துக் கூசாம இல்லன்னு சொன்ன. நானும் உன்னக் காட்டிக்குடுக்கக் கூடாதுன்னு இல்லன்னு சொன்னேன். ரியெட் செத்ததுக்கு நான் பொய்க் கையெழுத்துப் போட்டேன்! இன்னைக்குமா? ஆளே இல்லாத எடத்துல, என்கிட்டயுமா?"

நெசா ஓரடி கிட்ட வந்தாள். "அன்னைக்கு வும் கேட்டுச்சா?" என்றாள்.

யாஹன் அவள் முகத்தையே பார்த்தான். கோபக்காரன்தான், முட்டாள் இல்லை. ஸ்கீயைக் கழற்றினான். அவள் கையைப் பிடித்துக் கொட்டகைக்கு இழுத்துப்போய், வாசல் கல்லின் மேல் நிறுத்தினான்.

"கண்ண மூடிக்க. கேட்டா கையத் தூக்கு."

"என்னடா இது பள்ளிக்கூடமா?"

"தூக்குன்னா தூக்கு."

அவள் கண்ணை மூடினாள். காலடியில் கல் அசையாமல் இருந்தது. கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டுவது கேட்டது. குருவி கேட்டது. அவன் நடந்துபோகும் கறுக் கறுக் கேட்டது, பிறகு நின்றது. மறுபடி குருவி. மறுபடி சொட்டு. அவள் காத்திருந்தாள். இவ்வளவு வருடம் காத்திருந்தது போலவே காத்திருந்தாள்.

"இன்னும் எவ்ளோ நேரம்?" என்று கடைசியில் கேட்டாள். பதில் வராததால் கண்ணைத் திறந்தாள்.

யாஹன் முப்பது மீட்டர் தள்ளி முட்டி போட்டு உட்கார்ந்திருந்தான். அவனிடமிருந்து ஒரு விரிசல் புல்வெளியைக் குறுக்காகக் கிழித்துக்கொண்டு கொட்டகை வரைக்கும், அவள் நின்ற கல் வரைக்கும் வந்திருந்தது. ஓரத்து மரம் ஒன்றிலிருந்து பனி முழுவதும் கொட்டிப்போய்க் கிளைகள் ஆடிக்கொண்டிருந்தன. அவள் கண்ணை மூடும்போது அந்த மரம் வெள்ளையாக இருந்தது.

எழுந்து கிட்ட வந்து, "ரெண்டு தடவ," என்றான் யாஹன். "ரெண்டாவது பீரங்கி மாதிரி இருந்துச்சு."

அவள் கை அவள் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

 முழங்காலில் கேட்கும் என்று அவள் சொல்லிவந்தது பெருமைக்காக அல்ல. பழைய நாளில் இரண்டொரு தடவை தன் காலுக்கு அடியில் பனி இறங்கியபோது முழங்கால் வரை ஓர் அதிர்வு ஏறியது, கூடவே பனி நெரியும் சின்னச் சத்தம். வும் என்று எல்லாரும் சொல்வது அதைத்தான் என்று அவள் நினைத்திருந்தாள். அடுத்தவர் காலடியில் நடப்பதைக் காதால் கேட்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, எதற்குச் சொல்வார்கள்? ஆண்கள் வாய்க்குள் பேசுகிறார்கள் என்று திட்டினாளே. இடி இடித்தால் மின்னல் மட்டும் வந்ததாக நினைத்தாளே. ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன. கடைசியில் வந்ததை அவளால் தாங்க முடியவில்லை.

"யாஹன்," என்றாள். "ரியெட்டுக்கு எந்த மணி அடிச்ச?"

"என்ன கேள்வி இது?"

"சொல்லு."

"பெரிய மணி. வேற எத அடிப்பேன் அவனுக்கு? அரை மணி நேரம், கையில தோலு உரிஞ்சுபோற வரைக்கும் அடிச்சேன். கல்லறையில மண்ணே அதிர்ந்துச்சுன்னு சொன்னாங்களே."

நெசா வாசல் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். பன்னிரண்டு வருடம் அவள் சபித்த கை அது. அழுகை வந்தது. அதை நிறுத்த அவள் முயலவில்லை. யாஹன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். தெர்மாஸில் இருந்த தேநீரை ஊற்றிக் கொடுத்தான்.  ஒரு பொய்க்காரியை அவன் பன்னிரண்டு வருடம் வெறுத்திருந்தான். அந்தப் பொய்க்காரி இல்லவே இல்லை என்று ஆனபோது அவனுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

"நான் கத்தியிருக்கணும்," என்றான். இந்தத் தடவை அவள் முகத்துக்கு நேராக, வாயைத் திறந்து சொன்னான். "சரிவுக்கு வர்றதுக்கு முன்னாடியே அது கேட்டுச்சு, கேட்டதும் நான் நின்னேன். நீ நிக்கல. பனி பாக்கிறவளே போறா, நாம என்ன கத்துறதுன்னு வாய மூடிக்கிட்டேன். உன்மேல கோவம்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். பாதி என்மேலதான்."

நெசா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கேட்க வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. கனவில் அசைந்த அந்த வாய்.

"அவருக்குக் கேட்டுச்சா?"

"ம்."

"சரியாச் சொல்லு."

"கேட்டுச்சு. திரும்பி என்னப் பாத்தான். நான் நின்னுட்டேன்ல, அதப் பாத்துச் சிரிச்சான். கோலால உன்னக் காட்டினான்."

"என்ன சொன்னாரு?"

யாஹன் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

"'அவ போறால்ல? அவ காதுக்குத் தப்பி ஒரு சத்தமா? வாடா'ன்னான்."

வீட்டுக்கு வந்ததும் நெசா ஈரக் காலணியைக்கூடக் கழற்றாமல் படிவத்தை நிரப்பினாள். பனியின் ஆழம், அடுக்குகள், பதின்மூன்றாவது தட்டில் வழுக்கியது எல்லாம் எழுதினாள். கடைசிக் கட்டத்தில் கை நின்றது. உண்டு என்று போட்டாள். குறிப்புகளுக்கான இடத்தில் எழுதினாள்: "சத்தத்தைக் கேட்டது யாஹன். தாழ்ந்த சத்தம் எதுவும் எனக்குக் கேட்காது. பன்னிரண்டு வருடமாகவோ அதற்கு முன்பிருந்தோ. இந்தக் கட்டத்தில் நான் எழுதிய 'இல்லை' எதையும் நம்ப வேண்டாம்." அனுப்பிவிட்டாள்.

பத்து நிமிடத்தில் தொலைபேசி அடித்தது. அலுவலகத்து ஆள் ஏதோ சொன்னார். கனத்த குரல், பஞ்சுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. இவ்வளவு நாள் இந்த ஆளிடம் ஆமாம், சரி என்று ஊகித்துத்தான் பேசிவந்திருக்கிறாள்.

"உங்க குரல் எனக்குக் கேக்காதுங்க," என்றாள் நெசா. "அங்க பொம்பளைங்க யாராவது இருந்தா குடுங்க."

ஒரு பெண் வந்தாள். சின்னக் குரல், கண்ணாடிபோலத் தெளிவு. "அம்மா, குறிப்பு படிச்சோம். பழைய படிவங்களையெல்லாம் திருத்தணும். மொதல்ல இன்னைக்குள்ளதச் சரிபாத்துடலாம். வும் உண்டு, கேட்டவர் யாஹன். வேற யாராவது கேட்டாங்களா?"

மேசைக்கு அந்தப் பக்கம் யாஹன் உட்கார்ந்திருந்தான், பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு அந்த நாற்காலியில்.

"இன்னொருத்தரும் கேட்டாரு," என்றாள் நெசா. "என் வீட்டுக்காரரு."

"அவரும் இன்னைக்குக் கூட வந்தாரா?"

"இல்லம்மா. அவரு கேட்டது பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி, பிப்ரவரியில. லின்சோல்ல." அவள் குரல் வழக்கத்தைவிட மெதுவாக வந்தது.  "அந்தப் படிவமும் அங்க இருக்கும். நான்தான் இல்லன்னு போட்டேன். எடுத்து, உண்டுன்னு மாத்திடுங்க."